வெளியே மெத்தை, உள்ளே ஆட்டம்: கோபியிலிருந்து கோவைக்கு ஒரு வீடு மாறிய கணக்கு

பின்புலம்

கோபிசெட்டிபாளையத்தில் முதல் மாடியில் ஒரு வாடகை வீடு. இரண்டு படுக்கையறை, ஆசாரம் (கூடம்), சமையலறை, அட்டாலி (பரண்) நிறைய 11 வருடத்துச் சாமான். குடியிருந்தவர்கள் ஐந்து பேர்: கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார். கணவனுக்கு வேலை கோவைக்கு மாறியது. சரவணம்பட்டியில் மூன்றாம் மாடியில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஆனால் அங்கே முன்பிருந்தவர்கள் காலி செய்வதை இழுத்தடித்ததில் பள்ளி திறந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. சாவி கைக்கு வந்தபோது ஆடி பிறக்க 12 நாள்தான் பாக்கி. ஆடியில் யாரும் குடி போகமாட்டார்கள். ஆனியை விட்டால் ஆவணிதான். பால் காய்ச்சப் புதன்கிழமை விடியற்காலை, சாமான் ஏற்ற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்து வாங்கினார்கள்.

ஆள் வைத்துக் கட்டுவதா, தாங்களே கட்டுவதா என்ற பேச்சு இரண்டு நாள் நடந்தது. ஆனிக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு மாறுவதால் பேக்கிங் ஆட்கள் கேட்ட கூலி அதிகம். கேட்ட தேதிக்கு வருவதும் உறுதியில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் உறவினர் பெட்டி தருகிறேன் என்றதும் தாங்களே கட்டுவது என்று முடிவானது. வண்டிக்கும் லோடுமேன்களுக்கும் மட்டும் பணம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது நியாயமான முடிவுதான். பின்னால் வந்த சேதத்துக்கு இந்த முடிவு காரணமில்லை.

கையில் கிடைத்தவை

கொங்கில் வீடு மாறுகிறவர்களுக்கு அட்டைப்பெட்டிக்கும், சாமானைச் சுற்றி அடைக்கும் மெத்தைப் பொருளுக்கும் பஞ்சமில்லை. திருப்பூரிலிருந்து வந்தவை 18 ஏற்றுமதிப் பெட்டிகள். ஏழு அடுக்கு அட்டை, ஒவ்வொன்றும் சுமார் 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். கூடவே இரண்டு மூட்டை கட்டிங் வேஸ்ட் (பனியன் வெட்டியதில் மிஞ்சிய துண்டுத்துணி), மொத்தம் 22 கிலோ. மளிகைக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய பிஸ்கட், எண்ணெய் பாக்கெட் பெட்டிகள் 23. பழைய பேப்பர் கடையில் 15 கிலோ பேப்பர். இரண்டு அங்குல பிரவுன் டேப் ஆறு ரோல், சணல் கயிறு இரண்டு கண்டு. தெரிந்த மஞ்சள் மண்டியிலிருந்து காலிச் சாக்கு 10.

இந்த அளவுள்ள வீட்டுக்கு இவ்வளவு மெத்தைப் பொருள் தாராளம். இதைக் குறித்துவைப்பதற்குக் காரணம் உண்டு. உடைந்தவற்றில் ஒன்றுகூடச் சுற்றாமல் விட்டதால் உடையவில்லை.

கட்டிய நாட்கள்

சனிக்கிழமை தொடங்கினார்கள். முதல் இரண்டு நாள் வேலை செம்மையாக நடந்தது. அட்டாலிச் சாமான், சீருக்கு வந்த பித்தளை அண்டா, தவலை, கல்யாணத்துக்கு மட்டும் இறங்கும் எவர்சில்வர் எல்லாம் முதலில். பெரியதுக்குள் சின்னது, நடுவே ஒரு மடிப்புப் பேப்பர் என்று அடுக்கினார்கள். குத்துவிளக்கை மரை கழற்றி நான்கு துண்டாக்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துத் தனித்தனியே சுற்றினார் மாமியார். கழற்றாமல் கட்டினால் விளக்கின் கழுத்துதான் முதலில் வளையும். சாமி படங்களின் கண்ணாடிமேல் குறுக்கே டேப் ஒட்டி, படுக்கவைக்காமல் நிறுத்திக் கட்டினார்கள். இந்த இரண்டு நாளில் கட்டிய எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து அவசரம் ஏறியது. பெட்டி கிடைத்த வரிசையில் சாமான் உள்ளே போனது. பிள்ளைகளின் பாடப்புத்தகம், மனைவியின் தையல் புத்தகங்கள், பழைய அகராதி எல்லாம் ஒரே பனியன் பெட்டியில். பனியன் போகும் பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் அது துணிக்காகச் செய்தது. அதே இடத்தில் புத்தகம் போட்டால் 50 கிலோவைத் தொடும். அடிமடிப்பையும் டேப் போடாமல், நான்கு மடலையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடியிருந்தார்கள். அப்படிச் செருகிய அடி தலையணைக்குத் தாங்கும், புத்தகத்துக்குத் தாங்காது. நடுக்கோட்டில் இரண்டு பட்டை, இரு ஓரத்திலும் ஒவ்வொரு பட்டை டேப் ஒட்டி, அவை பக்கச் சுவரில் நான்கு விரல்கடை ஏறியிருந்தால்தான் அடி நிற்கும்.

பீங்கான் தட்டு 12. ஒவ்வொன்றையும் இரண்டு பேப்பரில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, பெட்டியின் அடியிலும் மேலேயும் கட்டிங் வேஸ்ட் அடைத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடி டம்ளர் ஒவ்வொன்றையும் ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து நிறுத்திவைத்தாள் மூத்த மகள். அது அவளே கண்டுபிடித்த வழி.

டேபிள்டாப் கிரைண்டருக்குக் கிடைத்த மரியாதை வேறெதற்கும் கிடைக்கவில்லை. கட்டிங் வேஸ்டை மூன்று சுற்றுச் சுற்றி, மேலே பழைய ஜமுக்காளம், அதன்மேல் கயிறு. ஆனால் கல்லை டிரம்முக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்.

கட்டிய பெட்டிகளின் மேல் மார்க்கரில் எழுதினார்கள். 14 பெட்டியில் ‘சமையல்’ என்று மட்டும் இருந்தது.

கேஸ், பால், பித்தளைச் சொம்பு

செவ்வாய்க்கிழமை கேஸ் இணைப்பை ஒப்படைத்தார்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் கொடுத்து, கட்டிய டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, மாற்றலுக்கான சீட்டை வாங்கிக்கொண்டார்கள். அதைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு எடுக்கலாம். மூடிய வண்டியில் சிலிண்டரைச் சாமானோடு ஏற்றிச் செல்வோர் இன்னமும் இருக்கிறார்கள். அந்த ஆபத்தில் இவர்கள் இறங்கவில்லை. அடுப்பும் டியூபும் மட்டும் பெட்டிக்குள் போயின. இடைப்பட்ட நாட்களுக்கு இன்டக்‌ஷன் அடுப்பு.

புதன்கிழமை விடியுமுன் காரில் கிளம்பினார்கள். முறைப்படி உப்பு, மஞ்சள், அரிசி, துவரம்பருப்பு, நிறைகுடத்துக்குச் சொம்பு, விளக்கு, திரி, எண்ணெய், தீப்பெட்டி, சாமி படம், பால் எல்லாம் ஒரே கூடையில் இருந்தன. மாமியார் வாயாலேயே பட்டியல் சொல்லிச் சரிபார்த்தார். ஒன்று மட்டும் தப்பியது: பால் காய்ச்ச வாங்கிய பாத்திரம் புதுப் பித்தளை. இன்டக்‌ஷனில் வைத்ததும் அடுப்பு ‘பீப்’ என்று கத்தி அணைந்தது. பித்தளை, செம்பு, அலுமினியம் எதையும் சாதாரண இன்டக்‌ஷன் சூடாக்காது. எவர்சில்வரிலும் சில தகடுகள் ஒத்துக்கொள்ளாது. அடியில் காந்தம் ஒட்டினால் அந்தப் பாத்திரம் ஆகும், ஒட்டாவிட்டால் ஆகாது. நல்ல நேரம் முடியக் கால்மணி இருக்கையில் எதிர்வீட்டு அம்மா காந்தம் ஒட்டும் ஒரு போசியை (பாத்திரத்தை)க் கொடுத்தார். பால் பொங்கியது.

கடைசி இரவு

வியாழன் இரவு பத்து மணிக்கு இன்னும் ஒன்பது பெட்டிக்கான சாமான் தரையில் கிடந்தது. பெட்டி, டேப் எல்லாம் இருந்தும் மெத்தைப் பொருள் தீர்ந்துவிட்டது. பாதி கட்டிங் வேஸ்ட் கிரைண்டரைச் சுற்றியிருந்தது. கடைசி ஆறு பெட்டிகளை முக்கால் பங்கு நிரப்பி, மேலே காலியாகவே விட்டு மூடினார்கள். மெத்தைகளை மஞ்சள் சாக்கில் நுழைத்தார்கள். அலமாரி மீதித் துணிக்கும் அதே சாக்கு.

ஃபிரிட்ஜை அன்று மாலையே அணைத்துப் பனி உருகவிட்டது சரி. பின்புறத் தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டினார்கள். ஆனால் உட்புறத்தைத் துடைத்தபின் ஈரம் காயுமுன்னே கதவை மூடி டேப் ஒட்டிவிட்டார்கள்.

வாஷிங் மெஷின் முன்பக்கம் கதவுள்ள வகை. அதன் டிரம் மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே ஆட்டத்தை அடக்கும் டேம்பர் தாங்குகிறது. வாங்கும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்புறம் நான்கு நீளப் போல்ட் போட்டு வரும். பொருத்த வந்தவர் அவற்றைக் கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார். எங்கோ ஒரு பையில் போட்டு, அந்தப் பை எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்கான போல்ட் கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள். கேட்டு வாங்க ஒரு வாரம் வேண்டும். இவர்களுக்கு நினைவு வந்தது வியாழன் இரவு.

ஏற்றிய காலை

14 அடி ஐச்சர் லாரி, மூன்று லோடுமேன்கள். குட்டி யானை இரண்டு நடை போகலாமா என்று முதலில் யோசித்து, ஒவ்வொரு நடையும் போக வர 160 கிலோமீட்டருக்குமேல் என்பதால் ஒரே வண்டியாகப் பிடித்தார்கள். நல்ல முடிவு.

புத்தகப் பெட்டி படிக்கட்டின் நடுவில் அடி பிளந்தது. தூக்கியவர் காலை விலக்கிக்கொண்டார்.

“ஏனுங்ண்ணா, இதுக்குள்ள கல்லுங்களா?”

“புஸ்தகமுங்.”

“புஸ்தகத்தப் போயி இத்தாப் பெரிய பொட்டில போடுவாங்களாக்கு? பிஸ்கட்டுப் பொட்டில போடோணுமுங். ஒருத்தன் ஒத்தக் கையில தூக்கற மாதிரி.”

அவர் சொன்னதைவிடச் சரியாக எந்த அளவையும் சொல்ல முடியாது. மூன்று சின்னப் பெட்டியாகப் பிரித்தபின், ஆளோடு எடை மெஷினில் ஏறி நின்று கழித்துப் பார்த்தார்கள்: 16, 17, 17 கிலோ. இதில் அரைமணி போனது.

ஃபிரிட்ஜைப் படுக்கப் போட்டால் மேலே நாலு பெட்டி ஏற்றலாம் என்றார் ஓட்டுநர். கணவன் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தி, பீரோவோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும்; உடனே ஓடவிட்டால் எண்ணெயில்லாமல் கம்ப்ரஸர் கெடும். படியில் இறக்கும்போது எப்படியும் சாய்த்துத்தான் ஆகவேண்டும் என்பதால், போய் இறக்கியதும் அன்றிரவு முழுக்க நிற்கவிட்டு மறுநாள்தான் போடுவது என்றும் தீர்மானித்தார்கள். இந்த வீடு மாற்றத்திலேயே முன்கூட்டி யோசித்து எடுத்த முடிவு இது.

வாஷிங் மெஷினை கேபினை ஒட்டி, மடித்த ஜமுக்காளத்தின்மேல் நிற்கவைத்தார்கள். லாரியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் அதிகம் குதிக்கும், முன்பகுதி சாது. போல்ட் இல்லாத நிலையில் செய்யக்கூடியது அவ்வளவே. பீரோவைக் காலி செய்து, பூட்டி, சாவியைக் கணவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கட்டில் ஸ்குருக்களை ஒரு கவரில் போட்டுத் தலைமாட்டுப் பலகையிலேயே ஒட்டியிருந்தார்கள்.

மர மேஜையும் கட்டிலும்தான் முதலில் ஏறும், அதுதான் முறை. மேஜை டிராயரை டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். அதற்குள் மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருந்தது யாருக்கும் நினைவில்லை.

சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் பயணம். ஊருக்கு ஊர் வேகத்தடை. ஆனிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து அடிக்கும், கூடவே சாரல். தார்ப்பாய் இரண்டு துண்டு. முன்துண்டு மேலேயும் பின்துண்டு அடியிலும் வருமாறு போர்த்தினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். மாற்றிப் போர்த்தியிருந்ததால் அன்னூர் தாண்டியதும் பின்துண்டின் வாய்க்குள் காற்றுப் புகுந்து தூக்கியது. நிறுத்தி மறுபடி கட்டுவதற்குள் மேலே கிடந்த இரண்டு சாக்கு நனைந்துவிட்டது.

இறக்கியபோது கண்டவை

மாலை ஐந்தரைக்கு இறக்கி முடிந்தது. அன்று நேரம் தின்றது தேடல்தான். வண்டிக்குள் மேஜையின்மேல் இருபது பெட்டி ஏறியிருந்தது. மாத்திரையைத் தோண்டி எடுக்க முடியாமல், ஃபோனில் இருந்த மருந்துச்சீட்டின் படத்தைக் காட்டிப் பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பட்டை வாங்கினார்கள். இன்டக்‌ஷன் அடுப்பு எந்தப் பெட்டியில்? ‘சமையல்’. எந்தச் சமையல்? எழுதியது மேல்புறத்தில், பெட்டிமேல் பெட்டி ஏறியபின் அந்த எழுத்தும் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஆறாவது பெட்டியில் அடுப்பும், பதினோராவதில் அதற்கான குக்கரும் கிடைத்தன. அதற்குள் பிள்ளைகள் பரோட்டா தின்று தூங்கிவிட்டார்கள்.

சேதம் அடுத்த இரண்டு நாளில் தெரிந்தது.

பீங்கான் தட்டில் ஐந்து உடைந்திருந்தன, எல்லாம் அடியில் இருந்தவை. மேலேயிருந்த ஏழுக்கும் ஒன்றுமில்லை. படுத்த தட்டு ஒவ்வொரு குலுக்கலிலும் மேலுள்ளவற்றின் பாரத்தை நடுவயிற்றில் வாங்குகிறது. நிறுத்திய தட்டு விளிம்பில் வாங்கும். விளிம்புதான் தட்டில் கெட்டியான இடம். சாக்ஸுக்குள் நின்ற டம்ளர் ஒன்றுகூட உடையவில்லை.

கிரைண்டரின் மேல்சுற்று பிரித்தபோது கட்டியபடியே இருந்தது. உள்ளே கல் 80 கிலோமீட்டரும் உருண்டிருக்கிறது. டிரம்மின் எவர்சில்வர் சுவர் உள்ளிருந்து வெளியே புடைத்திருந்தது. கல்லைப் பிடிக்கும் பிளாஸ்டிக் லாக் இரண்டாக முறிந்திருந்தது. கல்லின் ஓரத்தில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. கிரைண்டர் போய்ச் சேர்ந்தது அது பிறந்த ஊருக்கே என்பதால் லாக் அன்றே கிடைத்தது. புடைப்பு அப்படியேதான் இருக்கிறது.

முக்கால் நிரப்பிய ஆறு பெட்டியில் நான்கு நசுங்கின. அட்டைப்பெட்டிக்குப் பலம் பாதி அதன் சுவர், பாதி உள்ளே நிரம்பிய சாமான். மேலே காலியிருந்தால் ஏற்றிவைத்த பெட்டி மடலை உள்ளே அமுக்கும், சுவர் வெளியே பிதுங்கும், அடுக்கே சாயும். நசுங்கிய ஒன்றுக்குள் ஊறுகாய் ஜாடி. துணி கட்டிய வாய் சாய்ந்து எலுமிச்சை ஊறுகாய் எண்ணெய் மூன்று பெட்டிக்கு இறங்கியது.

மஞ்சள் சாக்கு விஷயத்தில் மனைவிக்கு ஏற்பட்ட கோபம் நியாயமானது. உதறிய சாக்கிலும் நூலிடுக்கில் மஞ்சள்தூள் இருக்கும். சாரல் நனைத்ததும் அது மெத்தை உறையிலும் இரண்டு வெள்ளை வேட்டியிலும் இறங்கியது. சோப்புப் போட்டதும் கறை சிவந்துபோய்ப் பதறிவிட்டார்கள். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும். அலசினால் மறுபடி மஞ்சளாகும். அதை எடுப்பது வெயில்தான். மேகமூட்டத்தில் விட்டுவிட்டு அடித்த வெயிலில் நான்கு நாள் போட்டதும் வேட்டி வெளுத்தது. மெத்தை உறையில் நிழல்போல இன்னும் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் மறுநாள் காலை போட்டதும் ஒழுங்காக ஓடியது. ஆனால் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. சமையல் சோடா கரைத்த நீரில் துடைத்து, ஒரு பகல் முழுக்கத் திறந்துபோட்டபின் போனது. பீரோவின் கதவு மூடவே மறுத்தது. வளைந்துவிட்டதென்று ஆசாரியைக் கூப்பிடப் போனார்கள். தரை மட்டமில்லாததுதான் காரணம். முன்பக்க இடதுகாலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்ததும் கதவு தானாகப் பொருந்தியது.

வாஷிங் மெஷின் துவைத்தது. பிழியும்போது மட்டும் தடதடவென்று அடித்தது. ஒரு டேம்பர் போய்விட்டதென்று மெக்கானிக் மாற்றினார்.

காரணங்கள்

கிரைண்டர், மெஷின், தட்டு, நசுங்கிய பெட்டி நான்கும் பார்வைக்கு வேறு வேறு. நான்கிலும் சாமானைக் கெடுத்தது வெளியிலிருந்து பட்ட அடி இல்லை. கல்லும் டிரம்மும் தட்டும் உள்ளேயே ஆடியதும், பெட்டிக்குள் விட்ட காலியிடமும்தான். மெத்தையை வெளியே சுற்றும் கைக்கு, சாமானின் உள்ளே எது தளர்ந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றுவதில்லை. டேப் ஒட்டுமுன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். உள்ளே சத்தமோ நகர்வோ இருந்தால் அந்தப் பெட்டி இன்னும் கட்டி முடியவில்லை. கட்டிங் வேஸ்ட் மிருதுவானது, ஆனால் அமுங்கிப்போகும். அடைக்கும்போதே முழங்கையால் அழுத்தி, அமுங்கிய இடத்தில் மறுபடி அடைக்கவேண்டும்.

இரண்டாவது, வரிசை. முதலில் ஏறியது கடைசியில் இறங்கும். பால் காய்ச்சும் கூடையில் இந்தக் குழப்பம் வரவில்லை, ஏனென்றால் அதற்குப் பரம்பரையாக ஒரு பட்டியல் இருக்கிறது. அது எப்போதும் கையோடு போகும். முதல் ராத்திரிக்கு அப்படி ஒரு கூடை யாரும் சொல்லித் தரவில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

புத்தகம், மாவு, பருப்பு, இரும்பு எல்லாம் மளிகைப் பெட்டியில், 17 கிலோவுக்குள். பனியன் பெட்டியில் துணி, தலையணை, பிளாஸ்டிக், பொம்மை. தட்டுகளை நிறுத்தி, நான்கு நான்காகத் துணியில் கட்டி. கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியே சுற்றி, டிரம்முக்குள் துண்டு அடைத்து, அடித்தட்டிலிருந்து டிரம்மையும் எடுத்து. ஊறுகாயை ஜாடியிலிருந்து மூடி திருகும் டப்பாவுக்கு மாற்றி, மூடிக்கு அடியில் பாலித்தீன் வைத்து. மெத்தைப் பொருளில் கால்பங்கைத் தனியே எடுத்துக் கடைசி நாளுக்கென்று பூட்டி. மஞ்சள் சாக்கு அம்மிக்கும் கடப்பாரைக்கும் மட்டும்.

பெட்டி எழுத்து இரண்டு பக்கச் சுவரிலும். ‘சமையல் 3: அடுப்பு, குக்கர், கரண்டி’ என்று எண்ணோடு, பெரிய சாமான் மூன்றின் பேரோடு. ஒரு நோட்டில் அதே எண்.

முதல் ராத்திரிக் கூடை காரில் போகவேண்டும்: எல்லோருடைய மாத்திரை, மருந்துச்சீட்டு, இன்டக்‌ஷன், அதற்கு ஆகும் ஒரு போசி, ஆளுக்கொரு வட்டல் (சாப்பாட்டுத் தட்டு), டீத்தூள், சர்க்கரை, வாளி, மக்கு, சோப்பு, துண்டு, இரண்டு பல்பு, டார்ச், ஸ்குரு டிரைவர், கத்தி, ஃபோன் சார்ஜர், போர்வை. வாளிக்குள்ளேயே பாதி அடங்கிவிடும்.

டேம்பர் மாற்ற வந்த மெக்கானிக்கிடம் சொல்லி நான்கு போல்ட்டும் வரவழைத்தார்கள். இப்போது அவை ஒரு மஞ்சப்பையில், மெஷினின் பின்புறக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருக்கின்றன.